முப்பத்தொரு வினாடி

விறகு பிளக்கும் மிஷின் எங்கள் மண்டியில் வந்து இறங்கிய அன்றே நான் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து அதற்கு நேரம் பிடித்தேன். லீவரை இழுத்ததிலிருந்து, இரும்புத் தண்டு கட்டையைத் தள்ளிக்கொண்டு போய், எதிரே நிற்கும் ஆப்பில் முட்டி, பிளந்து, திரும்பத் தன் இடத்துக்கு வந்து சேர முப்பத்தொரு வினாடி ஆனது. மூன்று தரம் பிடித்தேன். மூன்று தரமும் அதே முப்பத்தொன்று. கல்யாண வீட்டில் பந்திக்கு வரும் பெரிய மனிதர் மாதிரி அப்படி ஒரு நிதானம் அதற்கு.

இந்த நேரம் பிடிக்கிற புத்தி எனக்கு ஷூ கம்பெனியில் ஒட்டிக்கொண்டது. ஆம்பூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் ஸ்டிச்சிங் லைனில் இருந்தேன். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் வேலை. மாதத்துக்கு ஒரு தரம் ஒருவர் ஸ்டாப்வாட்சும் அட்டையுமாக வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்பார். தோலை எடுப்பது, வைப்பது, தைப்பது, நூல் வெட்டுவது என்று எல்லாவற்றுக்கும் வினாடி எழுதுவார். ஊசிக்குக் கீழே வைப்பதற்கு முன் கட்டைவிரலால் தோலை ஒரு தடவை நீவிவிடுவது என் பழக்கம். அதற்கு இரண்டு வினாடி போனது. "இது வேஸ்ட்டுமா, இத்த வுட்டுடுங்க" என்றார் அவர். வந்த கோபத்தில் அந்த வாட்சை அவர் சட்டைப் பையிலேயே போட்டு மேலே ஒரு தையல் போட்டுவிடலாமா என்று இருந்தது. ஆனால் நீவுவதைத்தான் விட்டேன், வேலையை விடவில்லை.

வேலையை விட்டது அப்புறம், விறகு மண்டிக்காக. மண்டி என் வீட்டுக்காரருடையது. பேரணாம்பட்டு போகும் சாலையில், தகர ஷெட்டும் எடை மேடையும் கட்டைக் குவியலுமாக இருக்கும். காவேரிப்பாக்கம் ஏரியில் வெட்டிய வேலிக்காத்தான் வரும், வாணியம்பாடித் தோப்புகளிலிருந்து மா வரும், திமிரிப் பக்கம் ரோட்டோரம் சாய்த்த புளிய மரங்கள் வரும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பிரியாணிக்காரர்கள். ஆம்பூரில் பிரியாணி மாஸ்டர்களுக்கு விறகு விஷயத்தில் கண் ரொம்பக் கூர்மை. தேக்சா அண்டா கொதிக்கும் வரைக்கும் மணிக்கட்டு கனத்தில் பிளந்தது வேண்டும், தம் போடும் நேரத்துக்குக் கங்கு நிற்கிற கனத்தில் வேறு வேண்டும். கனம் கொஞ்சம் மாறினாலும் வண்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இருபது வருஷமாக அந்த விறகு முழுவதையும் என் வீட்டுக்காரர் கோடாலியால்தான் பிளந்தார். கூட இருந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய்விட்டார்கள். இவர் ஒருவரே நின்றார். நான் அவரைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதில், எடை மேடைப் பக்கம் நின்று அவர் கோடாலி போடுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். வியாபாரம் பார்க்கிறேன் என்று பெயர்.

அந்த வலது தோள்தான் போனது. முதலில் பனியன் போடும்போது முகம் சுளித்தார். அப்புறம் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகவே முடியாமல் ஆகி, குளித்துவிட்டு வந்து எனக்கு முதுகைக் காட்டி நிற்பார், நான் பனியனைத் தலைவழியாக இழுத்து விடுவேன். வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் படத்தைக் காட்டி, தோளில் எலும்பைப் பிடித்திருக்கும் நார் பாதி பிரிந்துவிட்டது என்றார். "தோளுக்கு மேல கையைத் தூக்கி வெயிட்டு எதுவும் போடக்கூடாது. மிச்சமும் அறுந்துட்டா கை அதுக்கப்புறம் மேல வராது. ஆபரேஷன் பண்ணாலும் பழைய கை வராது" என்றார். இவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினால் நான் பைத்தியக்காரி.

அதனால்தான் மிஷின். ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றது. ஒரு மோட்டார், ஒரு ஹைட்ராலிக் பம்ப், எண்ணெய்த் தொட்டி, கை அகலத்துக்கு ஒரு சிலிண்டர், அதிலிருந்து வெளியே வரும் தண்டு, கடைசியில் ஆப்பு. நான் அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தேன். அவர் அதை, பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை பெண்ணின் மாமாவைப் பார்ப்பது போல் பார்த்தார்.

ஒரு வாரம் கழித்துத்தான் நடப்பது எனக்குத் தெரிந்தது. எடை போட்டுக்கொண்டிருந்தவள், காதில் விழுந்த சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தேன். மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இவர் கோடாலியோடு நின்றார். விஷயம் இதுதான்: தண்டு முன்னால் போகும்போது லீவரைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இவர் அதைச் சைக்கிள் டியூப் துண்டால் கட்டிப் போட்டுவிட்டார். மிஷின் ஒரு கட்டையைத் தள்ளி முடித்துத் திரும்பி வருவதற்குள் இவர் பக்கத்தில் கோடாலியால் ஒன்றைப் பிளந்துவிடுவார். மிஷினுக்கு ஒன்று, இவருக்கு ஒன்று. முன்னே தன் வேகத்தில் வேலை செய்துகொண்டிருந்த மனிதர் இப்போது மிஷினோடு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தார். தோளைக் காப்பாற்ற வாங்கி வந்ததே தோளை முடிக்கப் போகிறது.

"இன்னா பண்றீங்க?" என்று கத்தினேன்.

"இது தூங்குதுமே. அது போய்ட்டு வர்றதுக்குள்ள நான் இன்னா பண்றது, வேடிக்கை பாக்கறதா?"

"வேடிக்கை பாருங்க! கை போச்சுன்னா ஆயுசுக்கும் வேடிக்கைதான் பாக்கணும்!"

கோடாலியை வாங்கி வீட்டுக்குள் வைத்தேன். மறுநாள் பார்த்தால் திரும்ப மண்டியில் இருந்தது. ஒளித்து வைத்தேன், கண்டுபிடித்துவிட்டார். சண்டை போட்டேன், சரி சரி என்றார். நான் டீ வாங்கப் போன கேப்பில் சத்தம் கேட்டது. அந்த மனிதரால் முப்பத்தொரு வினாடி சும்மா நிற்க முடியாது, அவ்வளவுதான். அது கெட்ட எண்ணம் இல்லை. அவர் உடம்புக்குச் சும்மா நிற்கிற பாடம் யாரும் சொல்லித் தரவில்லை.

அப்போது என் பழைய கம்பெனிப் புத்தி விழித்துக்கொண்டது. அவருக்குத் தெரியாமல் அவருக்கும் நேரம் பிடித்தேன். கோடாலியை எடுத்து, கட்டையை நிறுத்தி, கால் அகட்டி, ஒரு போடு போட அவருக்கு ஒன்பது வினாடி. அப்படியென்றால் மிஷின் ஒன்பது வினாடிக்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். அப்போது கோடாலிக்கு நேரம் இருக்காது. மனிதரைத் திருத்த முடியாது, மிஷினைத் திருத்தலாம் என்று முடிவு செய்தேன்.

ஆம்பூரில் பட்டறை வைத்திருந்த ஒரு பாயிடம் போனேன். தோல் தொழிற்சாலைகளில் ஹைட்ராலிக் மிஷின்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். முப்பத்தொன்றை ஒன்பதுக்குள் கொண்டு வர வேண்டும் என்றதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார்.

"இன்னாமா, விறகு பொளக்கறியா, ராக்கெட்டு வுடறியா?"

"கேலி பண்ணாதீங்க பாய். ஆகுமா, ஆகாதா?"

வண்டியில் வந்து மிஷினைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பம்பைத் தட்டினார், எண்ணெயைத் தொட்டு முகர்ந்தார். அப்புறம் என்னிடம், கம்பெனியில் பிளேட்டிங் மிஷினைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். தோலுக்குப் பளபளப்புக் கொடுக்கும் பெரிய அழுத்த மிஷின் அது. தோலை உள்ளே வைத்தவுடன் தட்டு வேகமாக வந்து தோலைத் தொடும். தொட்டதும் வேகம் செத்து, மெல்ல மெல்ல, மலையே உட்கார்ந்த மாதிரி அழுத்தும்.

"அதேதான். அதுக்குள்ள ரெண்டு பம்பு இருக்குமா. பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. எதிர்ல ஒண்ணும் இல்லாதப்ப ரெண்டும் சேந்து ஜல்தியா தள்ளும். எதுனா தடுத்துச்சுன்னா பெருசு ஒதுங்கிக்கும், சின்னது மட்டும் முழு பலத்துல தள்ளும். உன் மிஷின்ல ஒரே பம்பு. காத்துல போறப்பவும் அதே வேகம், கட்டைல மோதறப்பவும் அதே வேகம். அதான் பேஜார்."

மோட்டாரை மாற்றவே வேண்டாம் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதே மோட்டார், அதே கரண்ட், ஆனால் வேகம் மூன்று மடங்குக்கு மேலா? பாய் கையால் காற்றில் கணக்குப் போட்டார். வேகமாகப் போகும்போது பலம் கம்மி போதும், பலமாகத் தள்ளும்போது வேகம் கம்மி போதும், இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பவன்தான் பெரிய மோட்டார் வாங்க வேண்டும் என்றார். நான் அதையே யோசித்துக்கொண்டு சாயந்திரம் வரை எடையைத் தப்புத் தப்பாகப் போட்டேன்.

மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் பழைய இரும்புக் குவியலிலிருந்து அந்த இரட்டைப் பம்பைத் தேடி எடுத்து வந்தார். கழுவி, உள்ளே இருந்த ரப்பர் வளையங்களை மாற்றி, மோட்டாரோடு சேர்த்துப் பொருத்தினார். அழுத்தம் எவ்வளவு என்று காட்ட வட்டமாக ஒரு மீட்டரையும் லீவருக்குப் பக்கத்தில் வைத்தார். "முள்ளு நாப்பதைத் தாண்டுனா பெரிய பம்பு ஒதுங்கும். நூத்தி எம்பதுக்கு மேல போகாது, போனா வால்வு தொறந்துக்கும்" என்றார்.

முதல் ஓட்டத்தில் தண்டு சரியான வேகத்தில்தான் போனது, ஆனால் திரும்பும்போது முக்கி முனகியது. எண்ணெய்த் தொட்டியில் சோப்பு நுரை மாதிரி நுரைத்தது. பாய் தலையில் அடித்துக்கொண்டார். எண்ணெய் திரும்பிப் போகும் ஹோஸ் பழையதாகவே, ஒல்லியாகவே இருந்தது. முன்னைவிட மூன்று மடங்கு எண்ணெய் அந்த வழியாகத்தானே திரும்ப வேண்டும்? பெரிய ஹோஸ் போட்டார்.

அதற்கு அப்புறம் லீவரை இழுத்தபோது நடந்ததை நான் எப்படிச் சொல்வது? தண்டு சரக்கென்று கிளம்பியது. கட்டையைத் தொட்டு ஆப்பில் முட்டின கணத்தில், யாரும் சொல்லாமல், யாரும் தொடாமல், தானாகவே மெதுவானது. மோட்டாரின் குரல் கீழே இறங்கியது. முள் நாற்பதைத் தாண்டி எழும்பியது. ஒரு வினாடி எல்லாம் நின்றுவிட்டது போல இருந்தது. பிறகு கட்டைக்குள்ளிருந்து டப் என்று ஒரு சத்தம், நடுவில் கோடு ஓடியது, அவ்வளவுதான், தடை போனது, தண்டு மறுபடி வேகம் எடுத்தது. எதிரே இருப்பது காற்றா மரமா என்று அந்த இரும்புக்குத் தெரிந்திருந்தது. கோயிலில் கற்பூரம் காட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வது போல என் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விட்டது. பாய் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். சிரிக்கட்டும்.

பதிமூன்று வினாடி. இன்னும் நான்கு குறைய வேண்டும். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று நானே கண்டுபிடித்தேன், அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. எங்கள் விறகு ஓரடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். தண்டோ இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துவிட்டு வந்தது. முக்கால் அடி வெறும் நடை. பாய் ஒரு கம்பியும் வளையமும் வைத்து, தண்டு வேண்டிய தூரம் மட்டும் பின்னால் வந்ததும் லீவர் தானாக நடுவுக்கு விழுந்து தண்டு நிற்கும்படி செய்தார். இலகுவான கட்டைக்கு எட்டு வினாடி வந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். இவர் மட்டும் கோடாலியைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு மிஷினையே பார்த்தார்.

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். மிஷின் வேகமானதும் இப்போது தாமதம் அவருடையது என்று தெரிந்தது. ஒவ்வொரு கட்டையையும் எடுத்து இந்த முனையைப் பார்ப்பார், அந்த முனையைப் பார்ப்பார், உருட்டுவார், தட்டுவார், கொஞ்சம் திருப்புவார், பிறகுதான் மிஷினில் வைப்பார். நேரம் பிடித்தேன். பதினோரு வினாடி. மிஷின் எட்டு வினாடியில் வேலையை முடித்துவிட்டு இவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"அத்த ஏன் இப்படி பொரட்டிப் பொரட்டிப் பாக்கறீங்க? பொண்ணா பாக்கறீங்க? இரும்பு தள்ளப் போவுது, எப்படி வெச்சாலும் பொளக்கும். வேஸ்ட்டு" என்றேன்.

அந்த 'வேஸ்ட்டு' என் வாயிலிருந்து வந்தபோது அது யாருடைய சொல் என்று எனக்கு உறைக்கவில்லை.

"அப்ப நீயே போடு" என்று சொல்லிவிட்டு அவர் போய் எடை மேடையில் உட்கார்ந்தார்.

போட்டேன். வீம்புக்காகவே போட்டேன். கைக்கு வந்த கட்டையை வந்தபடி வைத்து லீவரை இழுத்தேன். நாற்பது ஐம்பது கட்டைகள் போயின. முள் நூறுக்கும் நூற்றைம்பதுக்கும் ஏறி இறங்கியதைப் பார்த்தேன், அது அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். தண்டு பாதி நேரம் மெதுவாகவே நகர்ந்ததையும் கவனித்தேன், கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒரு புளியங்கட்டை வந்தது. அடிமரத்துத் துண்டு, கணு வைத்தது. வைத்து இழுத்தேன். முள் நூற்றெண்பதில் போய் நின்றது. வால்வு கீச்சென்று கத்தியது. தண்டு நின்றுவிட்டது. கட்டை ஆப்பைப் பாதி விழுங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. பின்னால் இழுத்தாலும் வரவில்லை.

நான் உதைத்தேன், திட்டினேன். திரும்பிப் பார்த்தபோது இவர் பின்னால் கோடாலியோடு நின்றார்.

"நகரு. ஒரு போடு போட்டா வுட்டுடும்."

"வேணாங்க."

"நகருன்றேன்ல."

என்னால்தான் அந்தக் கட்டை மாட்டியது, அதனால் என் குரலில் பலம் இல்லை. நகர்ந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. அவர் கால் அகட்டினார், கோடாலியைத் தூக்கினார். அது தோள் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவர் முகம் வெளுத்தது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கோடாலி விரல்களிலிருந்து நழுவி முதுகுப் பக்கம் விழுந்தது. அவர் மெதுவாகக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வலது கையை இடது கையால் குழந்தையை எடுப்பது போல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வேலூருக்குப் போகும் வழியெல்லாம் நான் வேண்டாத தெய்வம் இல்லை. முழுக்க அறுந்துபோகவில்லை என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் பிரிந்திருக்கிறது, ஒரு நூல் மிச்சம் இருக்கிறது, இது கடைசி எச்சரிக்கை என்றார். கையைத் துணித் தொட்டிலில் போட்டுக் கழுத்தோடு கட்டி அனுப்பினார்கள். இந்தத் தரம் அவர் தலையாட்டவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

நான்கு நாள் வீட்டில் இருந்தார். ஐந்தாம் நாள் கட்டுப்போட்ட கையோடு மண்டிக்கு வந்துவிட்டார். பாய் அதற்குள் வந்து, மாட்டின புளியங்கட்டையை அறுவை மிஷினால் அறுத்து எடுத்துவிட்டிருந்தார். அறுத்த முகத்தில் நடுவில் கறுத்து வைரம் பாய்ந்திருந்தது, அதைச் சுற்றிக் கணு வளைந்து பின்னிக்கொண்டிருந்தது. இவர் குனிந்து அதை இடது கையால் தடவினார்.

"இந்தப் பக்கம் வெச்சா வராது. இப்படித் திருப்பி இருக்கணும்" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை அது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

"இன்னொண்ணு இருக்குது. வெச்சுக் காட்டுங்க" என்றேன்.

அதே அடிமரத்தின் பக்கத்துத் துண்டு கிடந்தது. முதலில் நான் என் இஷ்டத்துக்கு அதை மிஷினில் வைத்து லீவரை இழுத்தேன். முள் எழும்பியது. அறுபது, நூறு, நூற்றைம்பது. கட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. பயந்து தண்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டேன். பாய் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் முன்னால் வந்தார். கட்டையின் முனையைப் பார்த்தார். எனக்கு அங்கே வட்டம் வட்டமாகக் கோடுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு வெடிப்பை விரல் நகத்தால் தேடிப் பிடித்தார். இடது கையாலும் முழங்காலாலும் கட்டையைத் தலைகீழாகத் திருப்பி, கால் சுற்று உருட்டி, ஒரு விரல் அளவு ஓரமாக நகர்த்தி வைத்தார். கையை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"ம்" என்றார்.

இழுத்தேன். தண்டு வேகமாகப் போனது. முட்டியது. முள் இருபது, முப்பது, முப்பத்தைந்து. நான் அது ஏறுவதற்குக் காத்திருந்தேன். அது ஏறவே இல்லை. சடக்கென்று புளியங்கட்டை இரண்டாக விழுந்தது. பெரிய பம்ப் ஒதுங்கவே இல்லை. தண்டின் வேகம் ஒரு இடத்தில்கூடக் குறையவில்லை.

நூற்றைம்பதுக்கு அசையாத அதே கட்டை. அதே மிஷின், அதே எண்ணெய், அதே ஆப்பு. முப்பத்தைந்தில் பிளந்துவிட்டது. அந்த மீட்டர் பொய் சொல்லாது, அதற்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது. இருபது வருஷம் அவர் கோடாலி போட்டதைப் பார்த்து அவர் தோளைத்தான் நான் அதிசயமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பலம் அங்கே இருந்ததைவிட அதிகமாக அவர் கண்ணில் இருந்திருக்கிறது, அந்த நகத்தில் இருந்திருக்கிறது. இந்த மனிதரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டு, சண்டை போட்டு, துணி துவைத்துப் போட்டுக்கொண்டு இத்தனை காலம் இருந்திருக்கிறேன், இது தெரியாமல்.

பாய் கிட்டே வந்து மீட்டரைத் தட்டிப் பார்த்தார். "இன்னொண்ணு வை" என்றார். இன்னொன்று. முப்பது. இன்னொன்று. நாற்பதைத் தொட்டுவிட்டு இறங்கியது.

"அல்லா!" என்றார் பாய். "இதுக்கு நான் எந்தப் பம்ப்பை மாத்தறது?"

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போதுதான் என் கட்டைவிரல் ஞாபகத்துக்கு வந்தது. கம்பெனியில் நான் நீவுவதை விட்ட மாதத்தில், என் லைனிலிருந்து போன தோல் சுருங்கிச் சுருங்கித் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் என்னைத்தான் திட்டினார். அந்த நீவலில்தான் தோலின் இழுவை எந்தப் பக்கம் என்று என் விரல் தெரிந்துகொண்டிருந்தது. அதை அந்த ஸ்டாப்வாட்ச்காரருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அவர் எனக்குச் செய்ததை அட்சரம் பிசகாமல் நான் என் வீட்டுக்காரருக்குச் செய்திருக்கிறேன். "மன்னிச்சுடுங்க" என்றேன். "எதுக்கு?" என்றார், குழம்பை ஊற்றிக்கொண்டே.

அதிலிருந்து நாங்கள் இரண்டு பேராக வேலை செய்தோம். லீவர் எனக்கு, கட்டை அவருக்கு. நான் இழுத்து, தண்டு போய்த் திரும்புகிற எட்டு வினாடியில் அவர் அடுத்த கட்டையைப் பார்த்து, நகத்தால் தேடி, எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொண்டிருப்பார். பதினோரு வினாடியில் மிச்சம் மூன்றுதான் மிஷின் காத்திருக்கும். காத்திருக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன். எந்தக் கோடாலிக்கு நேரம் இல்லாமல் பண்ண வேண்டும் என்று நான் பம்பும் ஹோஸும் தேடி அலைந்தேனோ, அந்த நேரம் முழுவதும் இப்போது அவர் கண்ணுக்குப் போய்விட்டது. செல்போனில் ஸ்டாப்வாட்சை நான் அப்புறம் திறக்கவே இல்லை.

ஆனாலும் கோடாலி தூணில் சாய்ந்தபடியேதான் இருந்தது. அதை அவர் எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை, நான் வைக்கச் சொல்லவும் இல்லை. கைக்கட்டை அவிழ்த்த நாளிலிருந்து என் ஒரு கண் அதன் மேலேயே இருந்தது. கை கொஞ்சம் தேறிவிட்டது என்று தோன்றினால் எடுத்துவிடுவார். ஒரு போடு போதும். டாக்டர் சொன்ன அந்த ஒரு நூலைப் பற்றித் தூங்கும்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லீவர் விஷயம் ஒன்று இருந்தது. அது விரல் கனத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, நுனியில் இருந்த குமிழ் எப்போதோ உடைந்து போயிருந்தது. நாள் முழுக்க இழுத்து என் உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வந்தது. துணி சுற்றிப் பார்த்தேன், எண்ணெயில் வழுக்கியது. ஒரு நாள் எரிச்சலில், "இந்த லீவர் என் கையை அறுக்குது" என்று அவரிடம் கத்தினேன். அவர் அடுத்த கட்டையை உருட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் மண்டிக்குள் நுழைந்தபோது, தூணுக்குக் கீழே கோடாலியின் இரும்பு மட்டும் தனியாகக் கிடந்தது. காம்பு இல்லை. எடுத்துவிட்டார், போட்டிருக்கிறார், காம்பு முறிகிற அளவுக்குப் போட்டிருக்கிறார். "இன்னா பண்ணித் தொலைச்சீங்க? கை இருக்குதா, போச்சா?" என்று கத்திக்கொண்டே ஷெட்டுக்குள் ஓடினேன்.

அவர் கட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு மாங்கட்டையை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கத்தலுக்கு நிமிர்ந்து, முகவாயால் மிஷின் பக்கம் காட்டினார்.

"கையை அறுக்குதுன்னியே" என்றார்.

லீவர் கம்பியின் மேல் கோடாலிக் காம்பு இருந்தது. முழங்கை நீளத்துக்கு அறுத்து, அடியில் துளை போட்டுக் கம்பியைச் செருகி, போல்ட் வைத்து முடுக்கியிருந்தார். இருபது வருஷமாக அவர் பிடித்துப் பிடித்து, எண்ணெய் தேய்த்தது போல வழுவழுப்பாகி, இரண்டு இடத்தில் குழிந்திருந்த காம்பு. அறுக்கும்போது மேல் குழியை விட்டுவிட்டு, கீழ்க் குழி நடுவில் வரும்படி பார்த்து அறுத்திருந்தார்.

நான் கையை வைத்தேன். என் கை அவர் கையைவிடச் சின்னது. அந்தக் குழிக்குள் முழுசாக உட்கார்ந்தது, கொப்புளம் எங்கேயும் படவில்லை. ஆஸ்பத்திரியில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. எனக்குப் பயம் விட்டுப்போன அழுகை அது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டேன்.

அவர் மாங்கட்டையைத் தூக்கி வந்து ஆப்புக்கு நேராக வைத்தார். முனையைப் பார்த்தார். கொஞ்சம் உருட்டினார். இன்னும் கொஞ்சம் உருட்டினார். நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"ம்" என்றார்.

நான் காம்பை இழுத்தேன்.